ஹெல்செம் ஆசிரியை பிடித்து நின்ற படம்

மேடையில் வீற்றிருக்கும் நம் சங்கத் தலைவர் ஸத்ரிதீன் ஹாஜி அவர்களே, ஆசிரியை மறைந்த நாள் முதல் ஏழு நாளும் தவறாமல் வந்து ஓதிய இமாம் அவர்களே, வெள்ளை முக்காடு இட்டு வந்திருக்கும் என் சகோதரிகளே, பின்சுவரோரம் கேமராவோடு நிற்கும் பத்திரிகை நண்பர்களே, உள்ளே பொலோச் சோற்று அண்டாவின் பக்கத்தில் நின்றுகொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருக்கும் பெண்களே, எல்லோருக்கும் மேலாக, ஹெல்செம் ஆசிரியையின் அருமை மகள் நெஸிபே! உங்கள் அனைவருக்கும் என் ஸலாம்.

என் பெயர் ஸாஜிதே. செஃபாகோய் தையல் கூடத்தில் பதினொரு வருடம் ஹெல்செம் அக்காவோடு வேலை செய்தவள். நான் தைப்பேன், அவர் இஸ்திரி போடுவார். ஹோத்தானில் இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தவர் இங்கே வந்து இஸ்திரிப் பெட்டி பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகளுக்குத் தாய்மொழி சொல்லிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமை, ஊரில் பிடித்துக்கொண்டு போனவர்களின் படத்தை ஏந்தி, நம் ஊரை ஆளுகிற அரசின் தூதரக வாசலில் நின்றார். நம்மைப் போல் புறப்பட்டு வந்த உய்குர் குடும்பங்களில், இந்த இஸ்தான்புல் நகரில், அவரைத் தெரியாதவர் யார்? அவர் கையால் எழுத்துப் பழகாத பிள்ளை யார்?

தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். ஆசிரியையின் சேவைகளைப் பற்றி ஒரு தாளில் எழுதியும் கொண்டுவந்திருக்கிறேன். எட்டு சேவைகள், வரிசையாக. அந்தத் தாளை இப்போது மடித்துப் பைக்குள் வைக்கிறேன். ஏனென்றால் அதில் ஒன்று விடுபட்டிருக்கிறது, அது என்னால் விடுபட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஹெல்செம் அக்கா மேல் பொறாமை. கொஞ்சநஞ்சம் அல்ல, பதினொரு வருடப் பொறாமை! சிரிக்காதீர்கள், மூன்றாம் வரிசையில் யார் அது? தேநீர் வந்தால் முதல் கோப்பை அவருக்குப் போகும். வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால், நான் முன்னாலேயே நின்றாலும், என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து "இதில் ஹெல்செம் யார்?" என்று என்னிடமே கேட்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் காட்டுவேன். துக்க வீட்டில் கேரட் நறுக்க உட்கார்ந்தால் அவர் நறுக்கியது நூல் நூலாக விழும். என் பலகையைப் பார்த்துவிட்டு, "ஸாஜிதே, இது பொலோவுக்கா, அடுப்பெரிக்கவா?" என்பார். எல்லாப் பெண்களும் சிரிப்பார்கள். வீட்டுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து நறுக்கிப் பழகியிருக்கிறேன். வரவில்லை.

இன்று காலையும் இந்த மண்டபத்துக்குள் நுழைந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? உட்கார்ந்தபடியே தலைகளை எண்ணினேன். நான் செத்தால் இதில் பாதியாவது வருமா என்று எண்ணினேன். அப்படிப்பட்டவள் நான். அப்படிப்பட்டவள்தான் உங்கள் முன் பேசுகிறேன்.

நான் பொறாமைப்பட்டது அவர் புகழைப் பார்த்து மட்டுமா? அவர் துக்கத்தைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்! ஜெனீவாவுக்குப் போய், மனித உரிமைச் சபையில் எழுந்து நின்று, நம் ஊர்களில் நடப்பதை அவர் சொன்னார். மூன்று வாரத்தில் ஹோத்தானில் அவருடைய ஒரே தம்பி மெத்ரோஸியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் ஒரு தச்சன். பெட்டி செய்வான், தொட்டில் செய்வான், ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை. அக்கா பேசினாள் என்பதற்காகத் தம்பிக்குப் பதினான்கு வருடம். செய்தி வந்த அன்று அக்கா இஸ்திரி மேஜைக்குக் கீழே உட்கார்ந்து அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே என்ன நினைத்தேன் தெரியுமா? இவளுக்கு எத்தனை வருடம் என்றாவது தெரிந்தது, எனக்கு அதுகூடத் தெரியாதே என்று நினைத்தேன்.

எனக்கும் ஓர் அண்ணன் உண்டு.

ஆமாம் சகோதரிகளே, எனக்கும் உண்டு. இத்தனை வருடமாக "ஸாஜிதே வீட்டில் யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை, அவள் கொடுத்து வைத்தவள்" என்று பேசினீர்கள். சிலர் அதற்கும் மேலே போய், "யாரையும் பிடிக்கலைன்னா எப்படி? அவ யாருக்கு வேலை பாக்குறா?" என்றும் பேசினீர்கள். எனக்குக் காது கேட்கும். என் அண்ணன் காஷ்கரில் இருந்தான். நான் ஒரே ஒரு ஊர்வலத்தில், ஒரே ஒரு நாள், முகம் தெரிய நடந்தேன். ஒரு பத்திரிகையில் அந்தப் படம் வந்தது. பத்தாம் நாள் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, ஜெனீவாவுக்குப் போகவில்லை, சும்மா நடந்தேன்.

அன்றோடு நான் வாயைத் தைத்துக்கொண்டேன். நான் அடங்கிக் கிடந்தால் அவனை விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். நம்மில் எத்தனை பேர் அப்படி நம்பினோம்! எத்தனை பேர் இன்றும் நம்புகிறோம்! ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் வீட்டில் இருக்க முடியவில்லை. ஒரு நாள் அவன் படத்தைத் துணிப்பையில் மறைத்துக் கொண்டுபோய், தூதரக வாசலுக்கு முந்தின பேருந்து நிறுத்தத்தில் ஹெல்செம் அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, இதை நீங்க பிடிச்சிக்கிட்டு நில்லுங்க. என் கையில பாத்தா அவனைக் கொன்னுடுவாங்க."

"என் கையில பாத்தா மட்டும் மாலை போடுவாங்களா?"

நான் அப்போது ஒன்று சொன்னேன். அதை இங்கே சொல்லாமல் போனால் இந்தப் பேச்சுக்கே அர்த்தமில்லை. "உங்க தம்பியைத்தான் ஏற்கெனவே பிடிச்சாச்சே, இனிமே உங்களுக்கு என்ன வந்துடப் போகுது?" என்றேன்.

ஒரு பேருந்து வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. பிறகு கையை நீட்டினார்.

"குடு. என் மெத்ரோஸிய நீ பிடி. பத்திரம், கீழ போட்டுடாத. தூசி பட்டா தும்முவான்."

அந்தப் படமாற்றம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அன்று முதல் ஆறு வருடம், மழையிலும் பனியிலும், ஹெல்செம் அக்கா நெஞ்சோடு பிடித்து நின்றது என் அண்ணன் எக்பெரின் படம்!

ஆமாம். நீங்கள் எல்லோரும் அறிந்த படம். தொப்பி போட்ட, கூர்மூக்குக்காரன் படம். "தம்பிக்காக நிற்கும் அக்கா" என்று எழுதி உலகம் முழுக்கப் போன படம். அதை எடுத்த வெளிநாட்டுக்காரர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு மியூனிக்கில் இருக்கும் நம்மவர்கள் சுவரொட்டியில் போட்டார்கள், சட்டையில் அச்சடித்தார்கள். இதோ, இந்த மண்டபத்துச் சுவரிலேயே மாட்டியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் அவன் ஹெல்செமின் தம்பி. என் கூடப் பிறந்தவன், எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், என் கண்ணெதிரே இன்னொருத்திக்குத் தம்பியாகிப் போனான்!

எனக்கு வயிறு எரிந்தது. நான்தான் கொடுத்தேன், நானே எரிந்தேன். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"என் அண்ணனைத் தத்து எடுத்துக்கிட்டீங்களே, அக்கா!"

"உன் அண்ணனுக்கு மூக்கு நல்லா இருக்கு, அதான் படம் எடுக்குறாங்க. என் தம்பி மூக்கை எவன் எடுப்பான்?" என்று சிரித்தார்.

அவர் தம்பியை ஏன் எவனும் படம் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது அந்த வீடியோவுக்கு வருகிறேன். ஹெல்செம் ஆசிரியையின் மேல் விழுந்த கறை என்று நீங்கள் முணுமுணுக்கும் அந்த வீடியோ. மூன்று வருடத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தையல் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எல்லார் கைப்பேசியிலும் வந்தது. ஊரில் அரசுத் தொலைக்காட்சியில் என் அண்ணனை உட்கார வைத்திருந்தார்கள். நாற்பத்தொரு விநாடி.

நாம் இந்த வீடியோக்களை எப்படிப் பார்ப்போம் என்று பத்திரிகை நண்பர்களுக்குத் தெரியாது. முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். பல் இருக்கிறதா, நகம் இருக்கிறதா, கழுத்து எவ்வளவு மெலிந்திருக்கிறது, போட்டிருக்கும் சட்டை அவனுடையதுதானா என்று பார்ப்போம். அதெல்லாம் பார்த்து அழுது முடித்த பிறகுதான் சத்தத்தை வைப்போம். என் அண்ணனுக்குப் பல் இருந்தது. தலை நரைத்திருந்தது. சட்டை இன்னொருவருடையது, தோள் தொங்கியது. நான் ரொட்டியை வாயில் வைத்தபடியே இருந்தேன், மெல்லவில்லை. பிறகு யாரோ சத்தத்தை வைத்தார்கள்.

"நான் எக்பெர். நல்லா இருக்கேன். ஹெல்செம்னு ஒருத்தி என் படத்தை வச்சுக்கிட்டு நிக்கிறாளாம். ஹெல்செம் எனக்கு அக்கா இல்ல. ஹெல்செம் பொய் சொல்றா. எனக்கு வெளிநாட்டுல யாரும் இல்ல."

அவ்வளவுதான். அவன் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் பொய் இல்லையே, ஹெல்செம் அவனுக்கு அக்கா இல்லைதானே! அதுதான் எங்கள் தலையில் விழுந்த இடி. "போலிப் படத்தை ஏந்தி நின்ற பெண்" என்று உலகம் முழுக்க எழுதினார்கள். ஜெனீவாவில் அடுத்த மாதம் அவர் பேசுவதாக இருந்தது. வரவேண்டாம் என்று இரண்டு வரியில் கடிதம் வந்தது. மெத்ரோஸியின் வழக்கைக் கையில் எடுத்திருந்த அமைப்பு, விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று கோப்பை மூடியது. இன்றுவரை திறக்கவில்லை.

ஒரு வாக்கியம் போதும் அவருக்கு. "அது ஸாஜிதேயின் அண்ணன், அவள் பயந்தாள், நான் பிடித்தேன்" என்று சொன்னால் போதும். அன்று சாயங்காலமே கேமராக்கள் தையல் கூடத்துக்கு வந்தன. கேள்வி கேட்டார்கள். அவர் அந்தக் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து என்னைப் பார்த்தார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, கெஞ்சவும் இல்லை, நீ என்ன சொல்கிறாய் என்பது போல் பார்த்தார். நான் தலையைக் குனிந்து தையல் இயந்திரத்தை ஓட்டினேன். ஊசியில் நூல் இல்லை. வெறும் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் திரும்பி அவர்களிடம் சொன்னார்: "யாரோ ஒரு தாய் பெத்த பிள்ளையோட படத்தைப் பிடிச்சேன். அவன் உசுரோட இருக்கான்னு இப்ப தெரிஞ்சிடுச்சு. எனக்கு அது போதும், நீங்க எழுதிக்கோங்க." அவர் மழுப்புகிறார் என்று எழுதினார்கள். நீங்களும் படித்தீர்கள். உங்களில் சிலர் உங்கள் பிள்ளைகளை ஞாயிறு வகுப்பிலிருந்து நிறுத்தினீர்கள். கையைத் தூக்கச் சொல்லவில்லை, யார் என்று எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும்.

சரி, அந்த வெள்ளிக்கிழமை அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார்! அதே எக்பெரின் படத்தோடு வந்தார்!

"இன்னுமா அக்கா இதைப் பிடிக்கிறீங்க?"

"நேத்து வரைக்கும் உன் அண்ணன். இப்ப ஊரறிய என்னைத் திட்டிட்டான் இல்ல? இனிமே சொந்தக்காரன்தான், விட முடியாது."

நான் சிரிக்கவில்லை. அங்கேயும் எனக்குப் பொறாமைதான்! இத்தனை வருடம் கழித்து அண்ணன் குரலைக் கேட்கிறேன், அந்தக் குரலில் என் பெயர் இல்லை. "மூணு தடவை உங்க பேரைச் சொன்னான். என் பேரை ஒரு தடவைகூடச் சொல்லலையே, அக்கா! யாருமே இல்லன்னு சொல்லிட்டானே!" என்று நடுத்தெருவில் அழுதேன். அவர் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பைத்தியமே! மத்ததெல்லாம் எழுதிக் குடுத்ததுடி. உன் பேரைச் சொல்லாம விட்டான் பாரு, அது ஒண்ணுதான் அவனா பேசுனது."

என் அண்ணனையும் என்னைவிட அவருக்குத்தான் நன்றாகப் புரிந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

தலைவரே, கடிகாரத்தைக் காட்டாதீர்கள். ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது, எனக்குத் தெரியும். இன்று நான் உட்காரமாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை, நிற்கப் போகும் வழியில், பேருந்து இருக்கையிலேயே அக்கா சாய்ந்துவிட்டார். மருத்துவமனையில் அவர் மடியிலிருந்து எடுத்து நெஸிபே கையில் கொடுத்தது எக்பெரின் படம். நேற்று அடக்கத்தலத்துக்குப் போய் ஓதிவிட்டுத் திரும்பும்போது நெஸிபே என்னிடம் வந்தாள். குழந்தாய், இதைச் சொல்ல உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, மன்னித்துவிடு.

"சித்தி, இந்த வெள்ளிக்கிழமை இந்தப் படத்தை நான் பிடிக்கட்டுமா?"

"நீயா? எதுக்கு?"

"அம்மா முன்னாடியே சொல்லி வச்சிருக்காங்க. ஸாஜிதே சித்தி கேட்டா குடுத்துடு, கேக்கலைன்னா நீயே பிடி, ஏன்னு அவங்களைக் கேக்காதன்னாங்க."

இருபத்திரண்டு வயதுப் பெண். நாளைக்கு அவளையும் பொய்க்காரி என்று எழுதுவார்கள். தாயை எழுதியபோது இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். மகளை எழுதும்போதும் ஓட்டிக்கொண்டிருப்பேனா? சொல்லுங்கள், ஓட்டலாமா?

நெஸிபே, அந்தப் படத்தைக் கேட்கிறேன். கொடு. எழுந்து வா, எல்லோரும் பார்க்கக் கொடு.

பத்திரிகை நண்பர்களே, கேமராவைத் திருப்புங்கள். இந்தப் படத்தின் ஓரத்தைப் பாருங்கள். எக்பெரின் இடது தோளில் நாலு விரல் தெரிகிறது. ஒரு குடும்பப் படத்திலிருந்து வெட்டியது இது. பக்கத்தில் நின்றவளின் உடம்பை வெட்டி எறிந்தாயிற்று, விரல் மட்டும் தங்கிவிட்டது. அதை அக்காவின் விரல் என்று எழுதினீர்கள். மோதிர விரலைப் பாருங்கள், நீலக்கல், ஒரு மூலை உடைந்தது. இதோ என் கை. இதோ அந்த மோதிரம். நன்றாகக் கிட்ட வந்து எடுங்கள். இவன் எக்பெர். நான் இவன் தங்கை ஸாஜிதே. ஹெல்செம் ஆசிரியை பொய் சொல்லவே இல்லை!

யாரோ "ஐயோ ஸாஜிதே" என்கிறீர்கள். இதைப் பேசியதற்காக நாளைக்கு எக்பெரை என்ன செய்வார்களோ, எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் பேசுகிறேன். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அதற்காக அவனை விட்டார்களா? ஒரு கடிதம் எழுதவிட்டார்களா? என் பயத்தால் அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது அந்த நாற்பத்தொரு விநாடி. அதுவும் ஹெல்செம் அக்கா அவன் படத்தைத் தூக்கிப் பிடித்ததால் கிடைத்தது. அந்த நாற்பத்தொரு விநாடியை எனக்குக் கொடுத்துவிட்டு, தன் தம்பியின் வழக்கை அவர் இழந்தார்.

அந்தத் தம்பியைப் பற்றித்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன். இதோ, என் பையிலிருந்து எடுக்கிறேன், மெத்ரோஸி. சப்பை மூக்கு, பெரிய காது, சிரிக்கிற கண். இவன் முகம் உங்களில் ஒருவருக்குக்கூட நினைவில் இல்லை, இல்லையா? ஆறு வருடம் வாராவாரம் இவனை நான்தான் பிடித்து நின்றேன். எப்படிப் பிடித்தேன் தெரியுமா? கேமரா திரும்பும் போதெல்லாம், இதோ இப்படி மேலே தூக்கி, என் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். முகம் தெரியாத ஒருத்தியை எவன் படம் எடுப்பான்? அக்கா என் அண்ணனை உலகத்துக்குக் காட்டினார். நான் அவர் தம்பியின் முகத்தை வைத்து என் முகத்தை மறைத்துக்கொண்டேன். பக்கத்திலேயே நின்றிருந்தார், வாராவாரம் பார்த்தார், "கை வலிக்குமே, கொஞ்சம் இறக்கிப் பிடியேன்" என்று மட்டும் சொல்லுவார்.

அக்கா, இதோ இறக்கிவிட்டேன்.

சபையோரே! மெத்ரோஸியின் கோப்பைத் திறக்கச் சொல்லி இன்று நானே கையெழுத்துப் போட்டு, இந்த மோதிரப் படத்தையும் சேர்த்து ஜெனீவாவுக்கு அனுப்புகிறேன். ஞாயிறு வகுப்பை நெஸிபே எடுப்பாள். நிறுத்திய பிள்ளைகளைத் திருப்பி அனுப்புங்கள். நாளை காலை பத்து மணிக்குத் தூதரக வாசலில் இரண்டு கையிலும் இரண்டு படம் பிடித்து, இரண்டையும் நெஞ்சளவில் பிடித்து, முகம் தெரிய நிற்பேன். இஷ்டப்பட்டவர்கள் வந்து பக்கத்தில் நில்லுங்கள். அவரவர் ஆளின் படத்தை அவரவரே கொண்டுவாருங்கள். பயமாக இருந்தால் என்னிடம் கொடுங்கள், ஏன் என்று கேட்காமல் பிடிக்கிறேன். ஆண்டவன் ஹெல்செம் ஆசிரியையின் மண்ணை லேசாக்கட்டும். உள்ளே பொலோ ஆறுகிறது, கேரட் இன்று நான் நறுக்கியது, மன்னித்துச் சாப்பிடுங்கள்.

அக்கா, என் பொறாமை இன்னும் தீரவில்லை. எக்பெரை இன்னொரு தடவை அந்த நாற்காலியில் உட்கார வைப்பார்கள். வைக்கட்டும். எழுதிக் கொடுத்ததைப் படிக்கட்டும். "ஸாஜிதே எனக்குத் தங்கை இல்ல, ஸாஜிதே பொய் சொல்றா" என்று சொல்லட்டும். என் பெயரையும் அவன் வாயால் மூன்று தடவை சொல்லட்டும்.